நாகேஸ்வரி காடு கூட்டிய வெள்ளிக்கிழமை

நாகேஸ்வரிக்குக் கீழே விழுந்து கிடக்கும் எதையும் கண்ணில் காட்டக் கூடாது. காகிதத் துண்டோ, பூவரசம் இலையோ, முருங்கைப் பூவோ, விழுந்தது விழுந்தபடி கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. விடிய நாலரைக்கு எழும்பி, முகம் கழுவிய கையோடு விளக்குமாற்றைத் தூக்கினாளென்றால் வளவின் கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கு மூலையில் முடிப்பாள். அதோடு விட்டாளா? வாசல் படலைக்கு வெளியே ஒழுங்கை இருக்கிறதே! ஒழுங்கை முடிய மதகடி, மதகடி முடிய வைரவர் கோயில் வாசல். அவளுடைய மனுசன் செல்வநாயகம் வாழைத் தோட்டக்காரன், கொடிகாமம் சந்தைக்குக் குலை கொண்டுபோகிறவன். "வீட்டிலை கொஞ்ச நேரம் அசையாமல் நிக்கப் பயமாக் கிடக்கு. என்னையும் கூட்டி அள்ளிப்போடுவாள்" என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பான்.

ஐம்பத்துநாலு வயதுக்குள் அவள் சண்டையால் எட்டுத் தரம் இடம்பெயர்ந்தவள். எட்டு இடத்திலும் கூட்டினாள். ஒருமுறை, தரப்பாள் கொட்டிலுக்கு முன்னால் இரண்டு நாளாகக் கல்லுப் பொறுக்கிக் கூட்டி ஒரு முற்றம் உண்டாக்கினாள். மூன்றாம் நாள் விடிய அந்த இடத்தையும் விட்டு ஓட வேண்டி வந்தது. சனம் மூட்டை கட்டுகிற அவசரத்தில் இவள், "பின்னாலை வாறவை துப்புரவான இடத்திலை இருக்கட்டும்" என்று ஒருதரம் கூட்டிவிட்டுத்தான் வெளிக்கிட்டாள். மகள் பிரதீபாவை வட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு, பார்க்கப் போன முதல் நாளே சம்பந்தி வீட்டு முற்றத்தைக் கூட்டிவிட்டாள். சம்பந்தி இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைப்பாளா?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை நிறுப்பது முற்றத்தை வைத்துத்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க முதல் முற்றத்தைப் பார்ப்பார்கள். விளக்குமாற்றுக் கோடு விசிறி விசிறியாகத் தெரிந்தால்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு காட்டுக்குக் காவல் வைத்தார்களே, அந்தப் புத்திசாலிகளை என்ன சொல்வது!

காடு என்றதும் யானை, கரடி என்று நினைத்துவிடக் கூடாது. ஐம்பத்திரண்டு பரப்பு, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நடுவிலே எட்டு முதிர்ந்த பாலை மரங்கள், சுற்றிவர விண்ணாங்கு, காரை, கொன்றை, ஈச்சம் பற்றை. பாலையடிக் காடு என்று பெயர். சண்டைக் காலத்தில் கண்ணிவெடி கிடந்ததால் ஒருவரும் கால் வைக்கவில்லை. வெடி எடுத்தவர்கள் எச்சரிக்கை நாடாவைச் சுருட்டிக்கொண்டு போன நாளில் பார்த்தால், ஊரிலே அடுப்புக்கு ஒரு மரம் மிச்சமில்லை, இதற்குள் மட்டும் மரங்கள் கொழுகொழுவென்று நிற்கின்றன. காணிக்காரர் கனடாவில். ஊர்ச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சங்கத்தில் உடனே இரண்டு கட்சி. தலைவர் இராசநாயகம், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், காடு காடாகவே இருக்கட்டும் என்கிற ஆள். செயலாளர் கோபிசங்கருக்குக் கலியாண மண்டபம் வேண்டும். ஏசி பூட்டிய மண்டபம், முன்னால் இருநூறு வாகனம் விட இடம். படமும் கீறுவித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். நாலு கூட்டம் கூடிச் சத்தம் போட்டுக் களைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வனத் திணைக்களத்து அதிகாரி வந்து பார்க்கட்டும். காப்பாற்ற வேண்டிய காடு என்று அவர் எழுதினால் காடு. இல்லையென்றால் மண்டபம்.

மண்டபம் என்ற சொல்லைக் கேட்டாலே நாகேஸ்வரிக்கு நெஞ்சு இடிக்கும். நாலு மாதமாகக் காட்டு வாசலில் கதிரை போட்டு இருக்கிறாள். ஆட்டைக் கலைப்பாள், விறகுக்கு வருகிறவர்களைக் கிழி கிழியென்று கிழிப்பாள், பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மரம் மரமாகக் காட்டிக் கதை சொல்லுவாள். பிள்ளைகள் அவளைக் 'காட்டு ரீச்சர்' என்று கூப்பிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அது எப்படி இருக்கும்! அதைவிட, மத்தியானத்தில் அந்தப் பாலை மரங்களின் கீழ் நின்றால் அவளுக்கு மனம் ஆறும். எழும்பிப் போ என்று யாரும் சொல்லாத இடம். "உது போச்சுதெண்டால் என்ரை உசிரிலை பாதி போச்சு" என்று செல்வநாயகத்துக்கு வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்.

காட்டுக்குத் துணையாக ஒரு குருவியும் இருந்தது. ஆறுமணிக்குருவி. ஐப்பசி பிறக்க எங்கிருந்தோ வந்து இறங்கும். பச்சை முதுகு, வயிற்றின் அடியில் சிவப்பு, வாலே இல்லாத மாதிரி ஒரு கட்டை வால். விடிய ஆறு மணிக்கும் பொழுதுபட ஆறு மணிக்கும் இரட்டை விசில் அடிக்கும். மானிப்பாயில் இருந்து ஸ்கூட்டியில் வந்து குருவி எண்ணுகிற கஜானி, விலங்கியல் படித்த பெட்டை, "அன்ரி, இது நிக்கிற மட்டும் காட்டை ஒருத்தரும் அசைக்கேலாது. ஒண்டையும் வெட்ட, முறிக்க விடாதேங்கோ" என்று சொல்லியிருந்தாள். நாகேஸ்வரி ஒரு சுள்ளியைக்கூட முறிக்க விடவில்லை. சருகைப் பற்றிக் கஜானி ஒன்றும் சொல்லவில்லை. சருகைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்று பாவம் அந்தப் பிள்ளை கனவிலாவது நினைத்திருக்குமா?

வியாழக்கிழமை இராசநாயகம் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "பிள்ளை, நாளையிண்டைக்கு, சனிக்கிழமை காலமை, அதிகாரி வாறார். இடத்தை வடிவா வைச்சிரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மனுசன் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வடிவாக! நாலு மாதமாகக் கை அரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தவளிடம் சொல்லுகிற சொல்லா அது?

வெள்ளிக்கிழமை விடிய மாதர் சங்கத்துப் பெண்கள் பதினொரு பேரையும் சிரமதானத்துக்கு இறக்கிவிட்டாள். ஆளுக்கொரு விளக்குமாறு. காட்டுக்குள்ளே முப்பது வருசத்துச் சருகு. கால் வைத்தால் கணுக்கால் புதையும். "ஐயோ, என்னெண்டு இவ்வளவு நாளும் இந்தக் குப்பை கஞ்சலுக்கை பிள்ளையளைக் கொண்டு திரிஞ்சன்!" என்று நாகேஸ்வரி தன்னைத்தானே ஏசிக்கொண்டு முன்வரிசையில் குனிந்தாள். அரணைகள் தலைதெறிக்க ஓடின. பெயர் தெரியாத பூச்சியெல்லாம் நாலு பக்கமும் சிதறின. பத்து மணிக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணியும். திரும்பவும் கூட்டல். செல்வநாயகம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நாலு பெட்டி நிறையச் சருகை ஏற்றி, நேரே தோட்டத்துக்குக் கொண்டுபோய் வாழைக்கு வெட்டிய கிடங்கில் தாழ்த்து மண்ணும் மூடிவிட்டான். இப்படிச் சரக்கு சும்மா கிடைத்தால் எந்தத் தோட்டக்காரன் விடுவான்?

பின்னேரம் மூன்று மணிக்குக் காட்டின் தரை பள்ளிக்கூட விறாந்தை மாதிரி இருந்தது. மரத்துக்கு மரம் விளக்குமாற்றுக் கோடு. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம், இரண்டு பக்கமும் வாழை. பெண்கள் எல்லாரும் பாலை மரத்தடியில் நின்று படம் எடுத்தார்கள். "இப்ப வரட்டும் பாப்பம், ஆர் மண்டபம் கட்டுறதெண்டு!" என்றாள் நாகேஸ்வரி. முதுகு முறிந்த வலியிலும் முகம் நிறையச் சிரிப்பு.

நாலு மணிக்குக் கஜானி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தினாள், தலைக்கவசத்தைக் கழற்றினாள், உள்ளே நாலு அடி வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அன்ரி... இலை எங்கை?"

"எந்த இலை?"

"கீழை கிடந்த இலை!"

"அதெல்லாம் கூட்டி அள்ளியாச்சு பிள்ளை. ஒரு துரும்பு இருக்குதோ பாருங்கோ" என்றாள் நாகேஸ்வரி பெருமையாக.

கஜானி அந்தத் துப்புரவான தரையிலே தொப்பென்று இருந்தாள். கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர். "அன்ரி, அந்தக் குருவி மரத்திலை சாப்பிடுறேல்லை. சருகைப் புரட்டிப் புரட்டி அதுக்குக் கீழை கிடக்கிற பூச்சி புழுவைத்தான் தின்னும். சருகில்லாட்டி அதுக்குச் சோறில்லை. நேற்று மூண்டு நிண்டது. இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை. நாளைக்கு அந்த மனுசன் என்னத்தைப் பாத்து எழுதப்போறார்?"

நாகேஸ்வரிக்குக் காது அடைத்தது. ஊரில் யாராவது நாலு பேரைக் கூலிக்குப் பிடித்துக் காட்டை அழிக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு திறமாகச் செய்திருக்க மாட்டார்கள். கோபிசங்கருக்கு வேலை மிச்சம். ஆசையாசையாய்க் காத்ததைத் தன் கையாலேயே வழித்துத் துடைத்து வைத்திருக்கிறாள். தலையில் இரண்டு அடி போட்டுக்கொண்டாள்.

அழுது கொண்டிருக்க நேரமில்லை. "இலைதானே பிள்ளை வேணும்? எழும்புங்கோ" என்று சாக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வாழைக் கிடங்கைக் கிண்டினால் சேறுதான் வரும். வீடு வீடாகப் போனாள். கதவைத் தட்டி, "கொஞ்சம் குப்பை கிடக்குதோ?" என்று கேட்கிறாள் நாகேஸ்வரி! கேட்டவர்கள் பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆனால் ஓர் இலை அகப்படவில்லை. எல்லா வீட்டிலும் காலையில் கூட்டி, காலையில் கொளுத்தி, சாம்பலும் ஆறிவிட்டது. ஒழுங்கையில் போகும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்து ஏசி ஏசியே ஊர் முழுக்கத் துப்புரவாகிவிட்டிருந்தது.

ஒரே ஒரு வீடுதான் மிச்சம். காட்டுக்குப் பின்வேலியோடு இருக்கிற பூரணத்தின் வீடு. அறுபத்தேழு வயது, தனி ஆள். வளவில் இரண்டு மாமரம், ஒரு பலா. கூட்டுவதே இல்லை. ஆறு வருசத்துக்கு முன் ஒருநாள் நாகேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டி, "இதுவும் ஒரு வீடோ, மாட்டுக் கொட்டில் துப்புரவாக் கிடக்கும்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அதோடு பேச்சு வார்த்தை இல்லை. கோயிலில் கண்டாலும் ஒருவர் கிழக்கே பார்ப்பார், மற்றவர் மேற்கே பார்ப்பார்.

நாகேஸ்வரி அந்தப் படலையடியில் வந்து நின்றாள். விறாந்தையில் கதிரை போட்டு இருந்த பூரணம் எழும்பவில்லை.

"என்ன, வழி தவறி வந்திட்டியோ?"

"பூரணமக்கா... உங்கடை முத்தத்து இலை கொஞ்சம் வேணும்."

"என்னத்துக்கு? காட்சிக்கு வைக்கவோ?"

நாகேஸ்வரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பூரணத்தின் வாய் கோணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காட்டைக் கூட்டினியோ? அடி பாவி! போ, போய் அள்ளு. முன்பக்கத்திலை தொடங்கு" என்றாள்.

கஜானியும் நாகேஸ்வரியும் பதினேழு சாக்கு அள்ளினார்கள். முன் முற்றம் முடியவே இருட்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் அப்படியே கிடந்தது. அள்ளியதைப் பெரிய பாலை மரத்தைச் சுற்றி, பார்க்க இயற்கையாக விழுந்த மாதிரித் தூவினார்கள். "இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்" என்று நாகேஸ்வரி விரலால் இலை இலையாகச் சரிசெய்தாள். குப்பை போடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா அவளுக்கு!

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கால் மணி இருக்க அதிகாரி வந்து இறங்கினார். கனிசியஸ் என்று பெயர், தடித்த மீசை, கழுத்திலே தொலைநோக்கி, அதிகம் கதைக்காத ஆள். இராசநாயகம் முன்னால் நடந்தார், கோபிசங்கர் பையில் படத்தோடு பின்னால் வந்தான். கோலத்தையும் வாழையையும் பார்த்து அதிகாரி புருவத்தை உயர்த்தினார். உள்ளே போய் வெறுந்தரையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பாலை மரத்தடிக்கு வந்து குனிந்து ஓர் இலையை எடுத்தார்.

"அம்மா, இந்தக் காட்டிலை மாமரம் எத்தினை நிக்குது?"

"ஒண்டும் இல்லை ஐயா" என்றாள் நாகேஸ்வரி.

"இது மாவிலை." இன்னொன்றை எடுத்தார். "இது பலா." மூன்றாவதாக அவர் கையில் வந்தது ஒரு மிக்சர் பக்கற். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஜானி கண்ணை மூடிக்கொண்டாள். கோபிசங்கரின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் பரவியது.

நாகேஸ்வரிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஐயா, நான்தான் கூட்டினனான். ஒரு இலை விடாமல் நேற்று முழுக்கக் கூட்டினனான். கூட்டினால் வடிவெண்டு நினைச்சன். எனக்கு வேறை தெரியாது. பிழை என்ரை, காடு ஒரு பிழையும் செய்யேல்லை. என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ, காட்டை விடுங்கோ ஐயா" என்றாள்.

கனிசியஸ் மிக்சர் பக்கற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருபத்தாறு வருசமா இந்த வேலை செய்யிறன். காட்டுக்கை குப்பை கொட்டினவையைப் பிடிச்சிருக்கிறன். காட்டைக் கூட்டின ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. ஆனாலும் பேனையைத் திறந்தார். "சருகு திரும்ப விழும், அது பெரிய காரியமில்லை. ஆனா நான் கண்டதைத்தான் எழுதலாம். வெறுந்தரை. குருவி இல்லை."

"அப்ப ஐயா, மண்டபத்துக்கு..." என்று கோபிசங்கர் பையில் கை வைத்தான்.

அந்த நேரம்தான் கேட்டது. இரட்டை விசில். காட்டுக்குள் இருந்து அல்ல, பின்வேலிக்கு அந்தப் பக்கம்.

அதிகாரி கையை உயர்த்தினார். எல்லாரும் பூனை மாதிரி வேலியடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். வீட்டின் பின்படியில் பூரணம் அசையாமல் இருந்தாள். இவர்களைக் கண்டதும் விரலை வாயில் வைத்தாள். கோடிப்பக்கத்துச் சருகுக்குள்ளே ஒன்று தத்தியது. இன்னொன்று. மூன்றாவது ஒன்று மாவிலையை அலகால் பிடித்துத் திருப்பிப் போட்டு, கீழே கிடந்ததைக் கொத்தி விழுங்கிவிட்டு, அடுத்த இலைக்குப் போனது. எவ்வளவு துப்புரவாகச் செய்கிறது பார் என்று நாகேஸ்வரி வாயைப் பிளந்து நின்றாள். விடிகிற வெளிச்சத்தில் அந்தக் குப்பையெல்லாம் செம்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. ஆறு வருசமாக அவள் அதை ஒருதரமும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

கனிசியஸ் மெதுவாகச் சொன்னார்: "காட்டிலை சருகு சேருமட்டும் உதுகளுக்கு ஒரு இடம் வேணும். இந்தக் கோடிப்பக்கம் ஒரு வருசத்துக்குக் கூட்டாமல், கொளுத்தாமல் கிடக்குமெண்டு காணிக்காரி எழுதித் தந்தால், இதையும் சேர்த்துக் காடெண்டு எழுதுவன். இல்லாட்டி எழுதேலாது."

"அது சங்கத்துக் காணி இல்லையே ஐயா" என்றான் கோபிசங்கர்.

"அதுதான் காணிக்காரியைக் கேக்கிறன்."

எல்லாரும் பூரணத்தைப் பார்த்தார்கள். பூரணம் நாகேஸ்வரியைப் பார்த்தாள். "வைக்கிறன் கையெழுத்து. ஆனா இவள் முதல் சொல்லட்டும். அண்டைக்கு நாலு பேருக்கு முன்னாலை சொன்னதை, இண்டைக்கு இந்த நாலு பேருக்கு முன்னாலை மாத்திச் சொல்லட்டும்."

நாகேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இது விளக்குமாற்றைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொன்னதைவிடப் பெரிய காரியம். "வடிவாக் கிடக்குதக்கா உங்கடை வளவு" என்றாள். "உண்மையாச் சொல்லுறன். இந்த ஊரிலையே வடிவு."

பூரணம் கையை நீட்டினாள். அதிகாரி எழுதிய தாளை இராசநாயகம் வேலியில் இருந்த பொட்டு இடைவெளியால் புகுந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கனிசியஸ் வாங்கி மடித்துக்கொண்டார். கோபிசங்கர் வாசலை நோக்கி நடந்தான். கஜானி நாகேஸ்வரியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள், இந்த முறை சிரித்துக்கொண்டு.

எல்லாரும் போன பிறகு பூரணம் படியில் இருந்து எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், பாதியில் நின்றாள், திரும்பவும் படியிலேயே இருந்துவிட்டாள். நாகேஸ்வரி அந்த வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடிவந்து கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"என்னக்கா இது? எப்ப தொடக்கம்?"

"நீ வேலிக்கு மேலாலை பேசினியே, அதுக்கும் முதலே. முழங்கால் தேஞ்சு போச்செண்டு சொன்னவங்கள். குனிஞ்சால் எழும்பேலாது" என்றாள் பூரணம், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏன் கூட்டேல்லை, ஏன் கூட்டேல்லை எண்டு ஊரே கேட்டியள். ஏலாமல் இருக்குதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நாகேஸ்வரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வைரவர் கோயில் வரைக்கும் ஊரான் ஒழுங்கையெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தவள், இந்த ஒரு படலையைத் திறந்து உள்ளே வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வெட்கத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. பூரணத்தை மெல்ல நடத்திக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள்.

"நாளைக்குக் காலமை வாறன் அக்கா."

"கூட்டக் கூடாதடி!" பூரணம் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "இப்பதானே கையெழுத்து வைச்சனான்!"

"கூட்ட இல்லையக்கா" என்றாள் நாகேஸ்வரி. "சும்மா வாறன்."